கம்பளியில் தடவிய மிளகாய்

மேச்சோ என்ற அந்தக் கடுவன் பூனைக்கு ஆறு வயது, ஏழு கிலோ எடை. ஆனாலும் சாயங்காலமானால் சோபாவில் கிடக்கும் பச்சைக் கம்பளியின் ஓரத்தைக் கவ்விக்கொண்டு, முன்னங்கால்களால் மாற்றி மாற்றிப் பிசைந்தபடி, எச்சில் வழியச் சப்பும். ரூசே நகரத்தில் டிராலி பஸ் ஓட்டும் ஸ்த்ராவ்கா அதை ஒருநாளும் தடுத்ததில்லை. பணிமனையில் பழைய டயருக்குள் கண்டெடுத்தபோது அதற்குக் கண்கூடத் திறந்திருக்கவில்லை. தாய் என்ன ஆனதோ. ஊசிக்குழாயில் பால் ஏற்றிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டி வளர்த்தாள். தாய்மடி அறியாத குட்டிகள் வளர்ந்த பிறகும் இப்படித் தேடுவதுண்டு, விட்டுவிடுங்கள் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார்.

தன் வீட்டுக் கூரை வேலை முடியும்வரை தங்க வந்த அண்ணன் ரத்கோவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"பேரன் பேத்தி எடுக்கிற வயசு. இன்னும் பால்குடி மறக்கலயா இவன்?"

"உனக்கென்ன வலிக்குது? நீ உன் ரக்கியா பாட்டிலைச் சப்பு, அவன் கம்பளியைச் சப்பட்டும்."

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது மேச்சோ கட்டிலடியில் கிடந்தது. வாயில் நுரை. முகத்தைக் காலால் தேய்த்துத் தேய்த்து முனகியது. கம்பளி ஓரத்தில் சிவப்புக் கறை. முகர்ந்ததுமே தெரிந்தது, மிளகாய். தயிரை விரலில் எடுத்து அதன் வாயில் தடவித் தடவித் துடைத்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள்.

"நீதானே?"

ரத்கோ சிரித்தான். "ரெண்டு நாள்ல மறந்துடும்டி. உனக்கும் இதானே பண்ணோம்? அஞ்சு வயசு வரைக்கும் கட்டைவிரல் சப்பிட்டு இருந்தே. இப்ப நல்லாத்தானே இருக்கே?"

அவள் மறக்கவில்லை. பத்து மாதக் குழந்தையாக இருந்தபோதிலிருந்தே, வேலைக்குப் போகும் வீட்டார் திங்கள் காலை காப்பகத்தில் விட்டால் சனி மதியம்தான் கூட்டிப்போக வருவார்கள். அங்கே அவளுக்கென்று இருந்தது அந்த விரல் ஒன்றுதான். அம்மா அதில் மிளகாய் தடவியதும், கழுவ ஓடியவளை இழுத்து நிறுத்தியதும், கண்ணில் பட்டு எரிந்ததும் நேற்று நடந்ததுபோல இருந்தது.

"அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டது யாரு?"

"நான்தான். அம்மா பிடிக்கச் சொன்னா. எனக்கும் அப்ப பதினோரு வயசுதானே?"

"இன்னிக்கு யாரு சொன்னா?"

அவன் ரக்கியாவைக் கோப்பையில் ஊற்றத் தொடங்கினான்.

ஸ்த்ராவ்கா அவன் பையை இழுத்தாள். கொடியில் ஈரமாகக் கிடந்த காலுறைகளையும் சேர்த்துத் திணித்தாள். பை வாசலுக்கு வெளியே போய் விழுந்தது.

"ஒரு பூனைக்காகவா அண்ணனை வெளிய தள்றே?"

"பூனைக்காகத்தான்! எழுந்திரு!"

கீழ்வீட்டுக் கதவு திறந்தது. பார்க்கட்டும், கேட்கட்டும். அவன் படியிறங்கியதும் கதவைத் தாழிட்டாள். செத்துப்போன அம்மாமேல்கூட ஆத்திரம் வந்தது.

கம்பளியை நாலு தடவை துவைத்தாள். மேச்சோ அதன் பக்கமே போகவில்லை. சாயங்காலங்களில் ஜன்னலருகே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. மேச்சோ மடியில் ஏறி, அவள் ஸ்வெட்டர் கையை நெடுநேரம் முகர்ந்து பார்த்தது. மெல்லக் கவ்வியது. நகங்கள் தொடையில் இறங்கின. அவள் அசையவில்லை.

ஃபோன் அடித்தது. ரத்கோ. அது ஓயும்வரை அவன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள், எடுக்கவில்லை. பீன்ஸ் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.