பெட்டியைக் காத்த குளவிகள்

சரித்திரம் கண்ட முற்றுகைகள் எல்லாம் ஒரு கோட்டைக்காகவோ ஒரு கொடிக்காகவோதான் நடந்திருக்கின்றன. இது பால்கனிப் பரணில் கிடந்த பச்சைப் பெட்டிக்காக நடந்தது.

பெட்டி சூப்பிரண்டின் மனைவியுடையது. கணவர் அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்று ஏழு மாதம் ஆகியும் 'சூப்பிரண்டு' பட்டம் மட்டும் ஓய்வுபெறவில்லை. மகளுக்குப் பிரசவ நேரம். மூன்று மாதம் அங்கே போய் இருக்கப்போவதாக மனைவி சொல்லிவிட்டாள். "நீங்களும் வாங்க" என்று அவள் சொல்லவில்லை. "போகாதே" என்று இவரும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் கோப்புகளை நிறுத்திவைத்தவருக்கு ஓர் ஆளை நிறுத்திவைக்க வழி தெரியவில்லை.

பெட்டியை எடுக்கப் போனால், அதை ஒட்டித் தேங்காய் அளவுக்குச் சாம்பல் நிறக் கூடு. குளவிகள்!

சூப்பிரண்டுக்கு உள்ளூர ஒரே குளிர்ச்சி. முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

"இந்தக் கூட்டை நானே ஒழிச்சுக் கட்டறேன். அதுவரைக்கும் யாரும் பால்கனிப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக்கூடாது!"

அறிவித்ததோடு சரி. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவியே பூச்சிமருந்து அடிப்பவரை வரவழைத்தாள். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு மருந்துக் குழாயைக் கீழே வைத்தார்.

"மருந்தே வேண்டாம் சார். வெயில் காலத்துல இதுங்க பூச்சி புழு புடிச்சாந்து குஞ்சுங்களுக்கு ஊட்டும். குஞ்சுங்க பதிலுக்கு வாயிலேர்ந்து இனிப்பா ஒரு சொட்டு குடுக்கும். இப்ப குஞ்சுங்க எல்லாம் வளந்துபோச்சு. வேலையும் இல்ல, இனிப்பும் இல்ல. அதான் கண்டவங்க காபில விழுந்து, காரணமே இல்லாம கொட்டுதுங்க. ரெண்டு வாரம் குளிர் அடிச்சா தானா போயிடும்."

மனைவி கூட்டைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தாள்.

"என்னத்தப் பாக்கற?"

"ஒண்ணுமில்ல. காலையில பேப்பர் போடறவர்கிட்ட எதுக்குச் சண்டை போட்டீங்கன்னு யோசிச்சேன்."

அன்று மாலையே குளிர் ஆரம்பித்துவிட்டது. பால்கனித் தரையில் ஒன்றிரண்டு குளவிகள் சுருண்டு கிடந்தன. குளவிகளுக்கு இரண்டு வாரம் என்றால் தனக்கும் அதுதான் என்று சூப்பிரண்டுக்குப் பட்டது. மறுநாள் முதல் பெட்டியின் மேல் ஒரு தட்டில் ஜாம் வைத்தார். பொறி வைப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொறி என்றால் மூடி இருக்கும். இதில் ஸ்பூன் இருந்தது.

ஜாம் வைக்க ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள் மனைவி துடைப்பத்தோடு ஸ்டூலில் ஏறினாள்.

"என்னங்க இது?"

"பொறி."

"பொறிக்கு யாராவது மஃப்ளர் சுத்தி விடுவாங்களா?"

கூட்டைச் சுற்றி அவருடைய அலுவலக மஃப்ளர் பதவிசாகப் போர்த்தப்பட்டிருந்தது. சூப்பிரண்டு சுவரைப் பார்த்தார். "குளுருமேன்னு..."

அவள் இறங்கி அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீ போனா எனக்கு யாரு இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டா உங்க கிரீடம் கழண்டு விழுந்துடுமா?"

"கேட்டா இருந்துடுவியா?"

"மாட்டேன். அவளுக்கு நாள் நெருங்குது. நீங்களும் கெளம்புங்க. குழந்தைத் துணி மடிக்க ஆள் வேணும்."

சூப்பிரண்டு தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஓரம் பிசகாம மடிப்பேன்."

"தெரியும். அதுக்கும் ஒரு உத்தரவு போடாம இருந்தா சரி."

அவரே ஏறி, மஃப்ளரை மெல்ல விலக்கி, பெட்டியை இறக்கினார். ஒரு குளவியும் கொட்டவில்லை. கூட்டில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. செத்து ஐந்து நாளாவது ஆகியிருக்கும்.

ஜாம் பாட்டில் நேற்றுதான் தீர்ந்தது. சூப்பிரண்டுக்குச் சர்க்கரை வியாதி.