மௌஸுக்கு அடியில் மஞ்சள்

சுபிக்ஷா மௌஸை நகர்த்தினாள். அம்பு நின்ற வரி மஞ்சளாக எரிந்தது. அம்பு விலகியதும் அணைந்தது. அடுத்த வரிக்குப் போனாள், அது எரிந்தது. அவ்வளவுதான் விஷயம். அதற்கே எங்கள் ஆபீசின் வங்காளி அண்ணன் பாப்பிதா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"கீ தாருண்! பாஹ், சுபிக்ஷா, பாஹ்!"

வங்காள மொழியில் அவர் கைவசம் இருந்த பாராட்டெல்லாம் அன்று காலையிலேயே தீர்ந்துபோனது. நான் இந்த ஆபீசில் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் என்னிடம் இதுவரை ஆசையாகச் சொன்ன ஒரே வார்த்தை, டீ ஆறுகிறது, குடி என்பதுதான்.

கல்கத்தா பவானிபூரில் ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது வீரராகவன் சாரின் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ். கப்பல் கம்பெனிகள் அனுப்பும் கன்டெய்னர் பட்டியலை ஒரு பழைய எடிட்டரில் திறப்போம். பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் நமக்கு வேண்டிய கட்டளையை நாமே எழுதி அதற்குள் சேர்த்துக்கொள்ளலாம். பாப்பிதா கையில் இருக்கும் காகிதத்திலிருந்து பெட்டி எண்ணைப் படிப்பார். அது திரையில் எங்கே இருக்கிறதோ அங்கே நான் விரலை வைத்து "ஹ்யா", அதாவது ஆமாம், என்பேன். பக்கத்தில் இருப்பவர், இப்போது சுபிக்ஷா, கர்சரை அங்கே கொண்டுபோய் ஒரு பொத்தானைத் தட்டினால் அந்த வரிக்கு முன்னால் டிக் விழும். கடைசியில் டிக் விழாமல் எந்தப் பெட்டி நிற்கிறதோ, அதைத் தேடி ஓட வேண்டும். எங்கள் வேலையே இதுதான்.

என் விரல் தவறியதில்லை. பட்டுப் பட்டுத் திரையின் நடுவில் ஒரு மங்கல் விழுந்திருந்தது. சுபிக்ஷா சேர்ந்த முதல் நாளே அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "ச்சீ, யாரு இவ்வளவு அழுக்கு பண்ணது?" என்று கேட்டாள்.

இப்போது என் விரலையே துடைத்துவிட்டாள்.

இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நான் படித்த கல்லூரி லேபில் ஒரு மௌஸும் வேலை செய்யாது. பாதிக்கு வாலே கிடையாது. எல்லாவற்றையும் கீபோர்டிலேயே கற்றேன். சந்தேகம் கேட்பதற்கும் வீட்டில் விவரம் தெரிந்தவர் யாரும் இல்லை. எடிட்டருக்குள்ளேயே இருக்கும் உதவிப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கர்சர் நிற்கும் வரியை மஞ்சளாக்க ஒரு கட்டளை எழுதி முக்கால்வாசி முடித்தும் வைத்திருந்தேன். மௌஸ் என்ற ஒன்று என் கணக்கிலேயே இல்லை. சுபிக்ஷாவின் அப்பா மத்திய அரசில் பெரிய அதிகாரி. நாக்பூர், டெல்லி, கல்கத்தா என்று மாற்றலாகும் ஒவ்வோர் ஊரிலும் அவளுக்கென்று தனி மேசை, தனி லேப்டாப். பாப்பிதாவுக்கு மௌஸ் பிடிக்கும் என்று அவளுக்குத் தோன்றியதாம். அதனால் எழுதினாளாம். ஒரே சாயங்காலத்தில்.

வீரராகவன் சார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்மா. அப்போ க்ளிக் பண்ணினா டிக் விழுந்துடுமா?"

"ஆமா சார். மஞ்சளா தெரியறதுக்கு மட்டும் விழும்."

"அப்போ இனிமே டேபிளுக்கு ஒருத்தர் போறுமே. இன்னொருத்தர் கிடர்பூர் டாக் கேட்டுக்குப் போய் பெட்டியை நேர்ல பாத்து சொல்லட்டும். ரொம்ப நாளா ஆள் இல்லாம திண்டாடறேன்." என் பக்கம் திரும்பினார். "சங்கரி, உனக்கு வீடே அங்கதானே? சௌகரியமாப் போச்சு."

"யாருக்கு சார் சௌகரியம்?"

"என்னம்மா?"

"அவ எழுதினது இன்னும் நெஜ லிஸ்ட்ல ஓடல சார். ஓடட்டும், அப்புறம் அனுப்புங்க."

"சரி, திங்கக்கிழமை ஓட்டிப் பாத்துடலாம். நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறே?"

கிடர்பூர் கேட் எனக்குப் புதிதில்லை. அதற்கு உள்ளேதான் என் அப்பா கன்டெய்னருக்குக் கொக்கி மாட்டுகிறார். பள்ளிக்கூடம் படிக்கும்போது அந்தக் கேட்டில் தூக்குவாளியோடு நின்றிருக்கிறேன். லாரிக்காரர்கள் மேலும் கீழும் பார்ப்பார்கள். காவலாளி, "ஏ மத்ராஸி, தள்ளி நில்" என்று இந்தியில் விரட்டுவான். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அதை நான் வாங்கியது அறிவுக்காக இல்லை. அந்தக் கேட்டில் இனி நிற்கக் கூடாது, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும், அதற்காக.

வீட்டில் சொன்னதும் அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கேட்டாண்டயா வேல? நல்லதாப் போச்சு கண்ணு! மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணா சாப்புடலாம்."

"நீ சும்மா இருப்பா. ஒண்ணும் தெரியாம பேசாத."

"அப்பா மேல இன்னாத்துக்குடி எரிஞ்சு உழுற?" என்றாள் அம்மா. "ஆபீஸ்ல எவகிட்டயோ சண்ட போட்டுட்டு வந்துட்டு?"

எவகிட்டயோ இல்லை. ஆனால் சண்டையும் போடவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். அவளோடு சண்டை போட ஒரு காரணமாவது அவள் கொடுத்திருக்கலாம்.

சனிக்கிழமை அவளுக்கு நடன வகுப்பு, வரமாட்டாள். நான் போனேன். அவள் எழுதியதைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் படித்தேன், வேறு எதற்கும் இல்லை. சின்னதாக, சுத்தமாக இருந்தது. எல்லாமே எனக்குப் புரிந்தது. புரியாமல் போயிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவளுக்கு அதிகம் தெரியும் என்று விட்டுவிடலாம். நானே எழுதியிருக்கக்கூடியதை இன்னொருத்தி எழுதி வைத்திருப்பதைப் படிப்பது இருக்கிறதே, நம் சட்டையை இன்னொருத்தி நம்மைவிட அழகாகப் போட்டுக்கொண்டு வந்து நிற்பது போல.

பழைய பட்டியல் ஒன்றைத் திறந்து மௌஸைக் கையில் எடுத்தேன். அம்பை மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தேன். ஒரு வரி எரிந்தது. இன்னொன்று. அடுத்தது. பிறகு ஒரு இடத்தில் இரண்டு வரிகள் சேர்ந்து எரிந்தன.

மேலே போய் மறுபடி வந்தேன். மறுபடியும் இரண்டு.

சரக்கு உள்ள பெட்டியென்றால் எண்ணுக்குக் கீழே சரக்கு விவரம் ஒரு வரி இருக்கும். அதற்கு மஞ்சள் கிடையாது. காலிப் பெட்டிக்கு அந்த வரி வராது. அடுத்த பெட்டியின் எண் நேராகக் கீழேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். சுபிக்ஷா ஒவ்வொரு எண்ணையும் வரி முடிந்து, அதற்கப்புறம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வரிமுறிப்பு வரைக்கும் குறித்திருந்தாள். அடுத்தடுத்த இரண்டு குறிகள் இடைவெளி இல்லாமல் தொட்டுக்கொண்டால் எடிட்டருக்கு அது ஒரே துண்டு. உதவிப் பக்கத்தில் இதைப் படித்த ஞாபகம் இருந்தது. க்ளிக் செய்தேன். இரண்டு பெட்டிக்கும் டிக் விழுந்தது. யாரும் படிக்காத பெட்டிக்கு டிக். அது காணாமலே போயிருந்தாலும் ஒருவரும் தேடப்போவதில்லை.

சுபிக்ஷா தன் சோதனைக்கு எடுத்த பட்டியலில் ஒரு காலிப் பெட்டிகூட இல்லை. காலிப் பெட்டியும் கப்பலில் வரும் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது.

அவளுக்கு போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. பாப்பிதா எழுந்து நின்ற அதே இடத்தில், எல்லோர் முன்னாலும் அது நடக்க வேண்டும். பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் முகம் எப்படிப் போகும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு ருசித்தது.

திங்கட்கிழமை பாப்பிதா படிக்க ஆரம்பித்தார். சுபிக்ஷா அம்பை வைத்து வைத்து, "ஹ்யா", "ஹ்யா" என்றாள். என் சத்தம். சார் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் காலிப் பெட்டி வந்தது. மஞ்சள் தடியாக எரிந்தது. க்ளிக்.

"நிறுத்து," என்றேன்.

"என்ன?"

"ஒரு க்ளிக்குல ரெண்டு பெட்டி. கீழ இருக்கறத பாப்பிதா இன்னும் படிக்கவே இல்ல. நீ டிக் போட்டுட்ட."

சுபிக்ஷா திரைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்தாள். அவள் முகம் எங்கேயும் போகவில்லை.

"அய்யோ, ஆமா! சங்கரி, உனக்கு எப்படிடீ கண்ல பட்டுது? நான்னா பாத்திருக்கவே மாட்டேன்." சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். "இரு, நடுவுல ஒரு காலி வரி விட்டுடறேன்."

"லிஸ்ட்ல கை வெக்காதேம்மா!" சார் பதறினார். "கஸ்டம்ஸுக்குப் போறது. ஒரு புள்ளி மாறப்படாது."

அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். ஒரு பெரிய மாற்றமாக ஏதோ எழுதத் தொடங்கி அழித்தாள். மறுபடி தொடங்கினாள். நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். சகிக்கவில்லை.

"தள்ளு."

மௌஸைத் தொடாமல் அவள் எழுதியதற்குள் போனேன். வரி முடிவுக்கு அப்பால் இன்னும் ஓர் எழுத்து என்று அவள் கூட்டியிருந்த '+1'ஐ அழித்தேன். வரியோடு குறி நின்றது, வரிமுறிப்பு வெள்ளையாகவே இருந்தது. பாப்பிதா தானே மௌஸை வாங்கி நகர்த்தினார். காலிப் பெட்டி தனியாக எரிந்தது. கீழே இருந்தது தனியாக எரிந்தது.

"பாஹ், ஷோங்கோரி!"

அந்த ஒரு "பாஹ்"க்கு என் காது சூடாகிவிட்டது. இவ்வளவு மலிவாக இருக்கிறேனே என்று என் மேலேயே கோபம் வந்தது.

சார் தலையை ஆட்டினார். "அப்போ இப்பதான் நிஜமாவே ஒருத்தர் போறும்."

என் கையாலேயே என் நாற்காலிக்கு ஆணி பிடுங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. சார் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். தப்பு செய்தவளை மேசையிலும் திருத்தியவளை வெயிலிலும் விட அவருக்கே மனசு வரவில்லை.

"சார், கிடர்பூருக்கு நான் போறேனே!" என்றாள் சுபிக்ஷா. "கப்பலைக் கிட்டக்க பாத்ததே இல்ல. காலிப் பெட்டி எப்படி இருக்கும்னுகூட தெரியல பாருங்க."

"வெயில்மா. லாரி, தூசி, எல்லாம் ஆம்பளக் கூட்டம்."

"பரவால்ல சார்."

என்னிடம் வெயில் என்று யாரும் சொல்லவில்லை.

நாற்காலி எனக்கு. மின்விசிறி எனக்கு. நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. அவள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போவது போலத் தொப்பி வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வாரக் கடைசியில் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உன் ஃப்ரெண்டு வந்திருந்துச்சு. இன்னா கேள்வி கேக்குது! கொக்கி எம்மாம் வெயிட்டு தாங்கும், மழயில வழுக்குமா, பயமா இருக்காதா, எல்லாம். டீ வாங்கிக் குடுத்தேன். என் க்ளாஸ்லயே குடிச்சுது."

"ஃப்ரெண்டு இல்ல."

"அதுதான் சொல்லிச்சு, ஃப்ரெண்டுன்னு."

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

திங்கட்கிழமை கேட்டிலிருந்து போன் வந்தது. இப்போது எங்கள் வேலை இப்படித்தான். அவள் பெட்டி முன்னால் நின்று எண்ணைப் படிப்பாள், நான் இங்கே அம்பை வைப்பேன். படித்தாள். வைத்தேன். ஒரே ஒரு வரி, சுத்தமாக, மஞ்சளாக எரிந்தது.

"காலியா, சரக்கா?" என்று கேட்டேன்.

"இரு, அங்கிள்கிட்ட கேக்கறேன்."

அவள் பின்னால் அப்பாவின் குரல். ஆபீஸ்காரர் யாரிடமோ பேசுவது போல மெதுவாக, மரியாதையாக. "தொறக்கவே வேணாம்மா. கையால தட்டிப் பாரு. காலின்னா கோயில் மணியாட்டம் இழுக்கும். சரக்குன்னா தொண்டயிலயே நின்னுடும். தட்டு."

போனில் அந்தச் சத்தம் கேட்டது. நீளமாக இழுத்துக்கொண்டு போனது. சுபிக்ஷா கத்திச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார்.

எத்தனை வருடமாக அவருக்கு இது தெரியும்? தூக்குவாளியை நீட்டிவிட்டு நான் ஓடிவந்த நாட்களிலும் தெரிந்திருக்கும்.

அம்பு அதே வரியில் நின்றது. வரி எரிந்துகொண்டே இருந்தது. நான் க்ளிக் செய்யவில்லை.

"காலிதான்டீ! கேட்டுதா உனக்கு? சங்கரி? இருக்கியா?"

"கேட்டுது," என்றேன். "இன்னொரு வாட்டி தட்டச் சொல்லு."

"யாரை? என்னையா?"

"அவர."