நாலாவது படுக்கை

உள்ளேயே சமைத்துப் படுக்க வசதியுள்ள ஓட்டோகேம்பர் வாகனத்தின் சாவியைத் தன் கணவர் காற்சட்டைப் பையை விட்டு வெளியே எடுப்பதேயில்லை என்பதை மனோரஞ்சிதம் முதல் நாளே கவனித்துவிட்டாள். கதவுக்குப் பக்கத்தில் சாவி கொழுவ ஒரு கொளுக்கி இருந்தது. அதை அவள் சுட்டிக் காட்டியும் பார்த்தாள்.

"இருக்கட்டும். கென்ட் நம்பித் தந்த வாகனம்," என்றார் சிறீஸ்கந்தராசா.

கென்ட் அவரோடு டென்மார்க்கின் கோல்டிங் நகரில் யன்னல் தொழிற்சாலையில் வேலை செய்பவர். கோடை முழுவதும் மனைவியோடு அந்த வாகனத்தில் சுற்றுவார். குளிர்காலத்தில் அது கொட்டகைக்குள் சும்மா நிற்கும். "மகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறைதானே, கொண்டுபோ" என்று அவர் சொன்னபோது சிறீஸ்கந்தராசா தட்டவில்லை. ஊரில் யுத்தம் முடிந்து வந்த முதல் குளிர்காலம் அது. முந்திய மே மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரித்தது கிடையாது. பதினாலு வயது துவாரகாவுக்காகவாவது எங்கேனும் போய்வர வேண்டும் என்று மனோரஞ்சிதமும் நினைத்திருந்தாள்.

அவளுடைய தம்பி குகநேசனும் கூட வந்தான். இலையுதிர்காலத்தில் டென்மார்க் வந்து சேர்ந்து, அகதிகளுக்கான நிலையம் ஒன்றில் இருந்தான். அந்த வாரம் அக்கா குடும்பத்தோடு தங்குவதற்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். "அவனையும் கூட்டிக்கொண்டு போவமே?" என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஓம், ஓம், கட்டாயம் வரச்சொல்லும்," என்று கணவர் உடனே சொன்னார். அவன் வந்த நாளிலிருந்து அவனோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர் அப்படிச் சொன்னது அவளுக்குப் புதினமாக இருந்தது.

கணவனும் மனைவியும் சாரதி இருக்கைக்கு மேலே இருந்த தட்டில் படுத்தார்கள். துவாரகாவுக்குப் பின்பக்க இருக்கை. சாப்பாட்டு மேசையை இறக்கி மெத்தை போட்டால் அது நாலாவது படுக்கை. எல்லோரும் எழும்பும்போது குகநேசன் மெத்தையைச் சுருட்டி, மேசையை நிமிர்த்தி, அதன் முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நேர்முகப் பரீட்சைக்கு வந்தவன் போல.

மேற்குக் கரையோரமாக வடக்கே போனார்கள். வயல்களும் வீதியும் ஒரே வெள்ளையாகக் கிடந்தன. சிறீஸ்கந்தராசா வீதியைப் பார்த்தபடியே பின்னால் இருந்த மைத்துனனிடம் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தார்.

"முகாமிலை நீர் எந்தப் பக்கம் இருந்தனீர்?"

"ஆத்தங்கரைப் பக்கம், அத்தான்."

"எங்கட பிரியந்தனும் அந்தப் பக்கமோ?"

"கொஞ்சம் தள்ளி."

"அவனைக் கண்டனீரோ?"

"கண்டனான்."

"எத்தினை தரம்?"

மனோரஞ்சிதம் திரும்பிப் பார்த்தாள். குகநேசன் யன்னலுக்கு வெளியே காற்றாலை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரியந்தன் சிறீஸ்கந்தராசாவின் கடைசித் தம்பி. சண்டையின் கடைசி நாளில் சனத்தோடு சனமாக வெளியே வந்து, வவுனியாப் பக்கத்து முகாமில் இருந்தான். ஜூன் மாதத்தில் ஒருநாள் அவனை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அதே முகாமிலிருந்த குகநேசன் மட்டும் எப்படியோ கொழும்புக்குப் போய், விமானம் ஏறி, இங்கே வந்து நிற்கிறான். மற்றவர்கள் முட்கம்பிக்குள் இருக்கும்போது இவன் எப்படி வெளியே வந்தான் என்று மனோரஞ்சிதம் ஒருதரம் கேட்டாள். "அது பெரிய கதை அக்கா," என்றதோடு நிறுத்திவிட்டான். அவள் பிறகு கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

இரண்டாம் நாள் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் வாகனத்தை நிறுத்தினார்கள். தண்ணீர்த் தாங்கி உறைந்துபோய் குழாயில் சொட்டும் வரவில்லை. துறைமுகக் கழிப்பறையில் துவாரகா தண்ணீர் பிடிக்கப் போனாள். வாளியோடு திரும்பி வந்தவள் தாயிடம் டெனிஷில் ஏதோ சொல்லி, பிறகு தமிழுக்கு மாறினாள்.

"மாமா மணல்மேட்டுக்குப் பின்னால நிண்டு போன் கதைக்கிறார். தமிழ் இல்லை அம்மா. வேற பாஷை."

"இங்கிலீஷாய் இருக்கும்."

"இங்கிலீஷ் எனக்குத் தெரியாதே?"

சிறீஸ்கந்தராசா அடுப்படியில் நின்றவர் நிமிர்ந்தார். சப்பாத்து நாடாவைக் கூடக் கட்டாமல் இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"சிங்களம்," என்றார் மெதுவாக. "சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறான்."

மனோரஞ்சிதம் மகளைக் கடைக்கு அனுப்பினாள். கதவு மூடியதும் அவர் அதுவரை அடக்கி வைத்திருந்ததைச் சொன்னார். அந்த முகாமில் இருந்துவிட்டுப் பாரிசுக்கு வந்த ஒருவர் போன மாதம் தொலைபேசியில் சொன்னாராம். விசாரணை நடந்த கொட்டகையில், ஆமிக்காரருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு குகநேசன் இருந்தானாம். அவர் தன் கண்ணால் கண்டாராம்.

"உம்மட தம்பி தலையாட்டி, மனோ. பிரியந்தனைக் காட்டிக் குடுத்தது ஆரெண்டு இப்ப விளங்குதோ?"

சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு, வரிசையில் வருகிறவர்களில் யார் இயக்கம் என்று தலையை ஆட்டிக் காட்டுகிறவனுக்கு ஊரில் அந்தப் பெயர். அந்தச் சொல் விழுந்த வீட்டில் பிறகு ஒருவரும் பெண் எடுக்கமாட்டார்கள், பெண் கொடுக்கவும்மாட்டார்கள்.

"விசர்க்கதை கதையாதேங்கோ," என்றாள். ஆனால் குகநேசன் கன்னம் சிவந்து, கைகளைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தபோது, "ஆரோட கதைச்சனி?" என்று கேட்டது அவளேதான்.

"தெரிஞ்ச ஒருத்தர் அக்கா."

அவ்வளவுதான் சொன்னான். அன்றிலிருந்து அவளும் அவனைப் பார்க்கத் தொடங்கினாள். தேநீர் குடிக்கும்போது, சப்பாத்துப் போடும்போது, துவாரகாவோடு கடுதாசி விளையாடும்போது. வாகனத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவர் மூச்சு மற்றவர் மேல் பட்டது. நாலு பேரும் ஒரே இடத்தில் இருந்து சாப்பிட்டார்கள். உப்பைத் தள்ளு, தண்ணி தா என்பதைத் தவிர அங்கே பேச்சு இல்லை.

வடக்கே ஓல்போர்க் நகரில் சபாரத்தினம் அண்ணை வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அவரும் மனைவி யோகம்மாவும் கோல்டிங்கில் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள். விடுமுறைக்கு முன்னமே அழைத்திருந்தார்கள். மாடிக்குடியிருப்பின் வாகனத் தரிப்பிடத்தில் பனியில் சறுக்கிக்கொண்டு ஓட்டோகேம்பர் நின்றது. மணியடிக்கப் போவதற்குள் யோகம்மாவே கீழே இறங்கி வந்தார். கையில் துணியால் சுற்றிய பெரிய பாத்திரம்.

"இவருக்குக் காய்ச்சல், தங்கச்சி. பிள்ளைக்கும் தொத்திப்போடும். கொண்டுபோய்ச் சாப்பிடுங்கோ," என்றார். கண்கள் மனோரஞ்சிதத்தின் தோளுக்கு மேலால் வாகனத்தைப் பார்த்தன.

மேலே மூன்றாம் மாடி யன்னலில் சபாரத்தினம் நின்றார். சாதாரணமாகத்தான் நின்றார். இவள் பார்த்ததும் திரைச்சீலைக்குப் பின்னால் போனார்.

"அக்கா, என்ன விஷயம்? மறையாமல் சொல்லுங்கோ."

யோகம்மா குரலைத் தாழ்த்தினார். "நீயும் பிள்ளையும் வாங்கோ. உன்ர மனுசனும் வரட்டும். உன்ர தம்பியை மட்டும் எங்களாலை வீட்டுக்குள்ளை எடுக்கேலாது. இவற்ர அக்காவின்ர பிள்ளையள் ரெண்டும் இன்னும் முகாமுக்குள்ளை இருக்குதுகள். உனக்குத் தெரியும்தானே."

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

யோகம்மா அவளை இரக்கத்தோடு பார்த்தார். "உன்ர மனுசன்தான். போன கிழமை இவருக்குப் போன் எடுத்தவர். ஹேர்னிங், ஹோர்சன்ஸ் பக்கத்து எங்கட ஆக்களுக்கும் சொன்னவராம்."

பாத்திரத்தின் சூடு கையுறையைத் தாண்டிச் சுட்டது. மனோரஞ்சிதம் வாகனத்துக்குள் ஏறி அதை மேசையில் வைத்தாள். குகநேசன் சோற்றுக் கோப்பைகளை எடுக்க எழும்பினான்.

"இரு," என்றாள். "இருந்து நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. முகாமிலை ஆமிக்குப் பக்கத்திலை இருந்தனியோ, இல்லையோ?"

குகநேசன் அத்தானைப் பார்த்தான். பிறகு யன்னலுக்கு வெளியே, யோகம்மா விறுவிறென்று படியேறுவதைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்.

"இருந்தனான்."

"பாத்தீரோ!" என்றார் சிறீஸ்கந்தராசா. அவர் குரலில் வெற்றி இல்லை. அடிபட்டவர் போல இருந்தார்.

"சிங்களம் தெரிஞ்சவை கை உயர்த்துங்கோ எண்டு கேட்டவை," என்றான் குகநேசன். "கொழும்பிலை, வெள்ளவத்தைப் பேக்கரியிலை நிண்டனான்தானே அக்கா, மூண்டு வருசம். காயக்காரரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பேக்கை மொழிபெயர்க்க எண்டு நினைச்சுக் கையை உயர்த்தினன். கொண்டுபோய் விசாரணையிலை இருத்தினாங்கள்."

"பிரியந்தன் வந்தவனோ?" சிறீஸ்கந்தராசா கேட்டார்.

"வந்தவன். இயக்கத்திலை ஒருநாள் இருந்திருந்தாலும் பதியச்சொல்லி ஒலிபெருக்கியிலை சொன்னதை நம்பி வந்தவன். 'ஆறு மாதம் இருந்தனான், பங்கர் வெட்டினனான்' எண்டு தமிழிலை உள்ளதைச் சொன்னான். நான் சிங்களத்திலை, 'இவன் மரக்கறிக் கடை வைச்சிருந்தவனாம், மாத்தையா' எண்டு சொன்னன். அண்டைக்கு விட்டிட்டாங்கள். பேந்து ரெண்டு கிழமையாலை வேற ஆரோ சொல்லி, வேற ஆக்கள் வந்து ஏத்திக்கொண்டு போனாங்கள். அந்த பஸ்ஸை நான் வேலிக்கு இஞ்சாலை நிண்டு பாத்தனான்."

"நீர் எப்பிடி வெளியாலை வந்தனீர்?"

"காயக்காரரோட ஆஸ்பத்திரிக்கு விட்டவங்கள். திரும்பிப் போகேல்லை. நிமல் வந்து தன்ர லொறியிலை ஏத்திக்கொண்டு போய்த் தன்ர வீட்டிலை வைச்சிருந்தான். பேக்கரியிலை என்னோட வேலை செய்த பொடியன். அவனோடதான் கதைக்கிறனான். பிரியந்தனை வைச்சிருக்கக்கூடிய இடங்களுக்கெல்லாம் போய் விசாரிச்சுக்கொண்டிருக்கிறான்."

"இதை ஏன் என்னட்டை முதலே சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்ல? இருக்கிறான் எண்டோ, இல்லை எண்டோ? ஆமிக்குப் பக்கத்திலை இருந்தனான் எண்டு தொடங்கினா, மிச்சத்தைக் கேக்க நீங்கள் இருப்பியளோ அத்தான்?"

துவாரகா பின்பக்க இருக்கையில் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு இருந்தாள். எல்லோரும் அவளை மறந்திருந்தார்கள். "அப்பா," என்றாள், "மாமா அப்பிடிப்பட்ட ஆள் எண்டு நினைச்சா, ஏன் எங்களோட கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? எனக்குப் பக்கத்திலை படுக்க விட்டனீங்கள்?"

அவர் மகளைப் பார்க்கவில்லை. "கேக்கத்தான்," என்றார். "வேற எங்கை வைச்சு நான் கேக்கிறது? வீட்டை வந்தா அம்மா விடமாட்டா. இதுக்குள்ளை எண்டால் அவன் எழும்பிப் போகேலாது."

இந்த விடுமுறை எதற்காக என்பது அப்போதுதான் மனோரஞ்சிதத்துக்கு விளங்கியது. பையை விட்டு வெளியே வராத சாவியும் விளங்கியது.

குகநேசன் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தி, ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தான். நீண்ட நேரம் மணி அடித்தது. பிறகு ஒரு குரல் சிங்களத்தில் ஆரவாரமாகத் தொடங்கியது. குகநேசன் ஏதோ சொன்னான். குரல் அடங்கிற்று.

"ஐயா, நான் நிமல்," என்றது கொச்சைத் தமிழில். "பிரியந்தன் தம்பியோட அண்ணன் தானே? இன்னும் இல்ல ஐயா. ரெண்டு எடத்தில பாத்தாச்சு. பேர் இல்ல சொல்றாங்க. இன்னொரு எடம் இருக்கு, தெற்கில. அங்க எனக்கு ஆள் இல்ல. தேடுறேன். விட மாட்டேன்."

சிறீஸ்கந்தராசா தொலைபேசியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார், மறுமுனையில் இருப்பவனுக்கு அது தெரியாது என்ற நினைப்பில்லாமல். இணைப்பு முடிந்த பிறகும் அப்படியே இருந்தார்.

கொஞ்ச நேரத்தால் எழும்பி, மேலங்கிகூடப் போடாமல் இறங்கிப் போய் சபாரத்தினத்தின் வீட்டு மணியை அடித்தார். கதவு திறந்தது. அவர்கள் மூவரும் வாகனத்துக்குள் காத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது தலையில் பனி.

"சொல்லிப்போட்டன். நான் சொன்னது பிழை எண்டு சொல்லிப்போட்டன்."

"அண்ணை என்ன சொன்னவர்?"

"'சரி, சரி' எண்டவர்." அவர் தடுமாறினார். "நம்பினமாதிரித் தெரியேல்லை. 'உம்மட மைத்துனன்தானே, நீர் அப்பிடித்தான் சொல்லுவீர்' எண்டார்."

குகநேசன் தன் சிறிய பையை எடுத்தான். "அக்கா, நான் ரெயின்ல அகதிகள் நிலையத்துக்குப் போறன். இஞ்சை இருந்து நேரை ஏறலாம்தானே?"

"நான் கொண்டுபோய் விடுறன்," என்றார் சிறீஸ்கந்தராசா.

"வேண்டாம் அத்தான்."

மனோரஞ்சிதம் தன் மேலங்கியைப் போட்டாள். துவாரகாவின் தொப்பியை எடுத்து அவள் தலையில் மாட்டினாள். கணவர் விளங்காமல் பார்த்தார்.

"நாங்களும் இவனோட போறம்," என்றாள். "நீங்கள் கென்டின்ர வாகனத்தைக் கவனமாய்க் கொண்டுபோய்க் குடுங்கோ."

அவர் தடுக்கவில்லை. மேசையில் யோகம்மாவின் பாத்திரம் திறக்காமலே இருந்தது.

ரெயினில் குகநேசன் யன்னலோரம் உறங்கினான். பாதி வழியில் துவாரகா தன் சால்வையை அவன் மேல் போட்டாள். இங்கே வந்த பிறகு அவன் இப்படி உறங்கி மனோரஞ்சிதம் கண்டதில்லை. அவன் முகத்தைப் பார்க்கப் பார்க்க வெட்கமாக இருந்தது. மணல்மேட்டிலிருந்து வந்தவனிடம் தானும் 'ஆரோட கதைச்சனி' என்று கேட்டதை நினைத்தாள். கேட்ட விதத்தை நினைத்தாள்.

அடுத்த நாள் முற்பகல், நிலையத்தின் பொதுச் சமையலறையில் அவள் தம்பிக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஓட்டோகேம்பர் வந்து நின்றது. சிறீஸ்கந்தராசா முகம் மழிக்காமல் வந்திருந்தார். ஆப்கானியர் இருவர் அவருக்கு இடம் விட்டு எழும்பினார்கள். குகநேசனுக்கு எதிரே உட்கார்ந்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. அவரால் அது ஆகாது என்று அவளுக்குத் தெரியும்.

"தெற்கிலை எண்டு சொன்னவன்," என்றார். "என்னோட வேலை செய்யிற ஒருத்தரின்ர சகலன் காலி நகரத்திலை இருக்கிறார். நிமலை அவரோட கதைக்கச் சொல்லுவமோ, மச்சான்?"

குகநேசன் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தான். மென்று முடித்த பிறகுதான், "கேட்டுப் பாப்பம்," என்றான்.

வசந்தத்தில் அவனுக்கு இருக்க அனுமதி கிடைத்தது. கோல்டிங்குக்கு வரவில்லை. கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் இஷொயில் அறை எடுத்து, ஒரு பேக்கரியில் விடியற்கால வேலைக்குச் சேர்ந்தான். தமிழர்கள் கூடும் இடங்களுக்குப் போவதில்லை. ஒருதரம் போனதாகவும், தன் வரிசையில் இருந்த கதிரைகள் ஒவ்வொன்றாகக் காலியானதாகவும் அக்காவிடம் மட்டும் சொன்னான். பிரியந்தன் தெற்கிலும் இல்லை. நிமல் இன்னும் தேடுகிறான். சிறீஸ்கந்தராசா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நிமலோடு தொலைபேசியில் கதைக்கிறார்.

மனோரஞ்சிதம் இப்போது வேறொன்றைச் செய்கிறாள். கணவர் தொலைபேசியோடு அறைக்குள் போனால், அவள் சமையலறைக் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு நின்று கேட்கிறாள். யாரோடு கதைக்கிறார், யாரைப் பற்றிக் கதைக்கிறார் என்று. அவர் வெளியே வந்ததும் திரும்பவும் தண்ணீரைத் திறக்கிறாள்.