தண்டவாளத் தூண்களும் ஒரு அவசரமும்

நிக்காஹுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மலிகாவின் மாடியறைக் கதவு சாத்த வரவில்லை.

"லாத்தா, இங்க வந்து பாரேன்! புது மாப்பிள்ளையை வச்சுக்கிட்டுக் கதவைத் திறந்து போட்டா குடித்தனம் நடத்துறது?"

சாலிஹா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே போனாள். கதவின் மேல் ஓரம் நிலையில் இடித்தது. அதைவிட மோசம், நிலைக்கு மேலே பழைய கல்சுவரும் புது உத்தரமும் சேருகிற இடத்தில் தலைமுடி போல ஒரு விரிசல். தங்கையின் கல்யாணத்தை விடத் தன் கணவரின் முகம்தான் அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது.

பெரியபட்டினத்தில் வீடு பெண்களுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அப்படிச் சாலிஹாவுக்கு வந்தவர்தான் சதக்கத்துல்லா, கிண்டியில் படித்த ஓவர்சியர். கீழ்வீடு சாலிஹாவுக்கு என்றாகிவிட்டதால், மலிகாவுக்கு மாடி கட்ட வேண்டும் என்று வாப்பா சொன்னபோது அவர் தானாக முன்வந்தார். மண்டபம் ரயில்வே ஏலத்தில் எடுத்த பழைய தண்டவாளங்களை நட்டு, சுற்றிலும் கான்கிரீட் வார்த்து, நான்கு தூண்கள் எழுப்பினார். மாடியின் ஒரு பக்கம் அந்தத் தூண்கள் மேல், மறுபக்கம் பழைய கல்சுவர் மேல். அது நடந்தது ஐம்பத்தைந்தில், ஒன்றரை வருஷத்துக்கு முன்னால்.

வாப்பா வாவு முகம்மது விரிசலை அண்ணாந்து பார்த்தார். "தூண் இறங்குது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பாத்தா என் மானம் போச்சு. நிக்காஹைத் தள்ளி வைப்போம். மாடியைப் பிரிச்சு இறக்கிற வேண்டியதுதான்."

மலிகா அழவில்லை. அதுதான் சாலிஹாவுக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் சதக்கத்துல்லா வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை.

"மச்சான், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் அவளைத் தூணடிக்கு அழைத்துப் போனார். தூணில் மேலும் கீழும் இரண்டு பித்தளைக் குமிழ்கள் பதிக்கப்பட்டிருந்தன. கீழ்க் குமிழில் ஒரு கம்பியை நிறுத்தினார். அதன் நுனிக்கும் மேல் குமிழுக்கும் இடையே மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகினார்.

"மாடித் தளத்தைத் தாங்கின முட்டுக் கட்டைகளை எடுத்த அன்னைக்குப் பதினொரு தகடு நுழைஞ்சிச்சு. ஆறு மாசத்துல ஆறாச்சு. இப்ப நாலு. கடைசி ஆறு மாசமா நாலுதான்."

"அப்ப தூண் குட்டையாகுதா?"

"கான்கிரீட் பாரத்துக்குக் கீழே இருக்க இருக்கக் கொஞ்சங்கொஞ்சமா அமுங்கும். காய்ஞ்சும் சுருங்கும். எல்லாம் சேர்ந்தும் ஒரு அரிசி கனம்தான். ஆனா கல்சுவர் அமுங்காதே, அதான் அந்த இடத்துல வெடிச்சிருக்கு." அவர் குரல் தணிந்தது. "நாலு வாரம் நிக்க வேண்டிய முட்டுக் கட்டையைப் பத்தாம் நாளே எடுத்துட்டேன் சாலிஹா. பச்சைக் கான்கிரீட். அதான் இவ்வளவு அமுங்கிருச்சு."

"ஏன் எடுத்தீங்க?"

"நீ எட்டு மாசம். கீழே புழுக்கம் தாங்கலை, மாடியில படுக்கணும்னு அழுதியே."

அவள் தூணைத் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இதை வாப்பாகிட்ட சொல்லிராதீங்க."

மறுநாள் காலை வாப்பா தன் கிட்டங்கியிலிருந்து நாற்பது அரிசி மூட்டைகளைக் கொண்டுவந்து, தூண் பாரம் தாங்குகிறதா என்று பார்க்க மாடியில் அடுக்கச் சொன்னார். சதக்கத்துல்லா விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லை ஒட்டி வைத்தார். விரிசல் விரிந்தால் சில்லு உடையும். சாயங்காலம் அஸர் தொழுகைவரை உடையவில்லை. மூட்டை தூக்கினவர்கள் போனதும் வாப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

"போதும் மாப்புள. தூண் நல்ல தூண்தான். நிக்காஹ் நடக்கட்டும்."

"இல்ல மாமா, இது போதாது."

கதவுக்குப் பின்னால் நின்ற சாலிஹா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு நாள் பாரத்தை எந்தத் தூணும் தாங்கும். வருஷக்கணக்கா தாங்குறதுதான் கணக்கு," என்று தொடங்கி, முட்டு எடுத்த கதையை அவர் ஒளிக்காமல் சொன்னார். அவள் அழுததை மட்டும் சொல்லவில்லை.

வாப்பாவின் முகம் கறுத்தது. "இன்னும் இறங்குமா?"

"பத்து வருஷத்துல இன்னும் ஒரு மெல்லிய தகடு கனம். அதோட சரி. கான்கிரீட் தளரத் தளரப் பாரத்தைத் தண்டவாளம் வாங்கிக்கும்."

"அப்ப கான்கிரீட் எதுக்கு? வெறும் தண்டவாளத்தையே நட்டிருக்கலாமே?"

"இரும்பு வளையாமப் புடிச்சுக்கிறது அதுதான் மாமா. உப்புக்காத்து படாம மூடிக்கிறதும் அதுதான். ரெண்டும் சேந்தாத்தான் தூண். சுவரையும் உத்தரத்தையும் ஒட்டிப் பூசினது என்னோட இன்னொரு தப்பு. அங்க ஒரு இடைவெளி விட்டு, தார்க் கயிறு அடைச்சுட்டா வெடிக்காது. கதவை இழைச்சுட்டா சாத்தும்."

வாப்பா மறுபடி விரிசலை அண்ணாந்து பார்த்தார். சாலிஹாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. வெளியே வந்தாள்.

"வாப்பா, அவர் முட்டுக் கட்டையை எடுத்தது எனக்காக. புழுக்கம்னு அழுதது நான். கீழ்வீட்டை மலிகாவுக்கு எழுதி வைங்க. நானும் அவரும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போறோம்."

சீதனமாக வந்த வீட்டை அவள் ஒரே மூச்சில் கொடுத்துவிட்டாள். சதக்கத்துல்லா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

படியின் கீழிருந்து மலிகாவின் குரல் வந்தது. "அது எப்படி லாத்தா? மாடி விழுந்தா கீழே இருக்கிற என் தலையிலதானே விழும்?"

வாப்பாவுக்குச் சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்து இருமினார்.

"சும்மா சொன்னேன் வாப்பா," என்றாள் மலிகா. "எனக்கு என் மாடிதான் வேணும். புழுக்கம் லாத்தாவுக்கு மட்டுமா? தப்பைச் சொல்றவர் கட்டின வீடு, எனக்குப் பயமில்ல."

வாப்பா எழுந்து, பக்கத்திலிருந்த மூட்டையை ஒரு தட்டு தட்டினார். "தேதி தேதிதான். கொத்தனார் மூக்கையாவை நாளைக்கே வரச்சொல்லி அந்தக் கயித்தை அடைங்க. புது மாப்பிள்ளையோட வாப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன், உள்ளதை உள்ளபடி."

அவர் இறங்கிப் போனபின் சாலிஹா கணவர் பக்கம் திரும்பினாள்.

"வாப்பாதான் சரின்னுட்டாரே. அதுக்கப்புறமும் வாயைத் திறக்கணுமா நீங்க?"

"நீ மட்டும் திறந்தியே. வீட்டையே தூக்கிக் குடுத்த."

"அது வேற," என்றாள் அவள், அவர் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த அரிசித் தவிட்டைத் தட்டிவிட்டபடி.