லெசுயர் என்றால் வியர்வை அல்ல

1.

இந்தக் கதைக்குக் காரணம் நான்தான். மாவட்ட ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் நான், ஒரு விதவையிடம் ஒரு சொல்லின் பொருளைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மியூஸ் ஆற்றின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த’ (அடித்துவிட்டேன். அந்த விதவை, ஒதீல், வந்த அன்று நல்ல வெயில்.)

2.

அவள் கணவர் கிஸ்லேன் லெசுயர், வார்ப்பு ஆலையில் இருபத்தாறு வருடம் உலைவாயில் நின்றவர். ‘சுயர்’ என்றால் எங்கள் பிரெஞ்சுப் பேச்சில் வியர்வை. வியர்வை வீட்டுக்காரன் என்று ஆலையில் கேலி செய்வார்கள். கேலியை அவர் பெருமையாக்கிக்கொண்டார். இதயம் பலவீனமாக இருக்கிறது, உலையை விடு என்றார் டாக்டர். மேற்பார்வையாளரும் குடோனில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாகச் சொன்னார். ஒதீல் கெஞ்சினாள்.

“பேரே வியர்வை. குடோன்ல போய் உக்காந்தா ஊரே சிரிக்கும், ஒதீல்.”

பிப்ரவரியில் உலைவாயிலேயே விழுந்தார்.

[இந்த இடத்தை மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் ஏதோ சொல்லிவிட்டு விழுகிறார். உண்மையில் ஒன்றும் சொல்லவில்லை.]

3.

கல்லறைக் கல்லில் பொறிக்க, அந்தக் குடும்பப் பெயரின் பழைய பதிவு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டுத்தான் ஒதீல் வந்தாள். எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசை. பழைய பிரெஞ்சில் ‘சுயர்’ என்றால் தைப்பவன், செருப்புத் தைப்பவன். லத்தீனிலிருந்து வந்த சொல். வியர்வையோடு ஒலி ஒத்துப்போனது தற்செயல் என்று விளக்கினேன்.

அவள் கேட்டாள்:

“உக்காந்து பாக்குற வேலையா?”

“ஆமாங்க. உக்காந்துதான் தைப்பாங்க.”

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். (அவள் அழுததாக எழுதினால் எனக்குச் சற்று ஆறுதலாக இருக்கும். அழவில்லை.)

4.

கிஸ்லேனின் தம்பி தியெரி அதே உலைவாயில் வேலை கேட்டு எழுதிக் கொடுத்திருந்தான். ஒதீல் நேரே அவன் வீட்டுக்குப் போய், வியர்வையும் இல்லை ஒன்றும் இல்லை, உங்கள் பாட்டன்மார் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர்கள், போகாதே என்றாள்.

“அண்ணன் பேருக்காக நின்னான். நான் பேருக்காகப் போகலை அண்ணி. குடோனை மூடிட்டாங்க. அந்த ஒரு இடம்தான் காலி.”

5.

அவன் போகாமல் நின்றுவிட்டதாக ஒரு முடிவு எழுதி ஒதீலிடம் படித்துக் காட்டினேன். திங்கட்கிழமையே போய்விட்டான், அப்படி எழுத வேண்டாம் என்றாள். இன்னொரு முடிவில் நான் காப்பகத்தில் வாயே திறப்பதில்லை. அதிலும் அவன் போகிறான். அதில் ஒதீல் மட்டும், தன் கணவர் ஏதோ ஒரு காரணத்துக்காகச் செத்தார் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அவன் போகாத முடிவு ஒன்று உங்களிடம் இருந்தால் இங்கே எழுதிக்கொள்ளுங்கள். என்னால்…