ஏப்பம் வந்த பிறகு

ஏப்பம் வந்துவிட்டது. சுவர் அதிர வந்த அசல் ஏப்பம். மகள் வழக்கம்போலக் கை தட்டினாள். அந்த வீட்டில் அதுதான் சட்டம். அப்பாவுக்கு நெஞ்சைப் பிடித்தால் ஃப்ரிட்ஜிலிருந்து கலர் பாட்டில் வரும், மடமடவென்று உள்ளே போகும், ஏப்பம் வெளியே வரும். வாயு தொலைந்தது என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்கு இதற்கு மேல் என்ன வைத்தியம் வேண்டிக் கிடக்கிறது?

அவர் மனைவி மட்டும் இன்று நகரவில்லை. ஏப்பம் வந்த பிறகும் மனிதருக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது. ஃபேன் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்க, பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே, "பாத்தியா, வாயுதான்னு சொன்னேன்ல" என்று சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

மேசையில் அவள் கொண்டுவந்த பொட்டலம் பிரிந்து கிடந்தது, பாதி காலியாக. கோழி வறுவல் கடையில் கொதிக்கும் எண்ணெய் முன்னால் நிற்பது அவள் வேலை. மிஞ்சியதை வேலையாட்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதில் பெரிய துண்டாகப் பார்த்து அவருக்கென்று எடுத்து வைப்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. ஆசை ஆசையாக நானே கொண்டுவந்து கொடுத்தேனே என்று நினைத்தவள் பொட்டலத்தைச் சுருட்டி ஓரமாகத் தள்ளினாள்.

"கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"அதான் ஏப்பம் வந்துடுச்சேடி!"

"உங்க அண்ணனுக்கும் வந்துச்சு. விடியறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாரு."

அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு, மகளை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்தாள். அவசரத்தில் செருப்பை மாற்றிப் போட்டிருந்தது கூடத் தெரியவில்லை.

ஸ்ட்ரெச்சரில் போகும்போதும் மெக்கானிக்குக்கு வாய் ஓயவில்லை. "ஒண்ணுமில்ல, வெறும் வாயு. சோறு ஆறுறதுக்குள்ள வந்துடுவேன்" என்று பார்ப்பவர்களுக்கெல்லாம் கையசைத்தார்.

அவளும் பக்கத்தில் ஏறி உட்கார, வண்டி நிதானமாகத்தான் கிளம்பியது. உள்ளே இருந்த உதவியாளரும் அவருக்குச் சளைத்தவரில்லை. "சட்டை பொத்தான் பாவம்ணே, எவ்ளோ தாங்கும்?" என்று தொப்பையைக் கேலி செய்தபடியே நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார். ஈ.சி.ஜி. கருவியிலிருந்து காகிதம் நகர்ந்து வந்தது. அதைப் பார்த்தவர் பேச்சை நிறுத்தினார். இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டி, தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார்.

சைரன் அலற ஆரம்பித்தது.

மெக்கானிக் தலையைத் தூக்கி ஜன்னல் பக்கம் பார்த்தார். "பின்னால ஏதோ ஆம்புலன்ஸ் வருதுடி. பாவம், யாருக்கு என்னவோ. நம்ம டிரைவரை ஒதுங்கி வழி விடச் சொல்லு."

அவள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அது சில்லிட்டிருந்தது.

"சொல்றேங்க" என்றாள். வண்டி இன்னும் வேகமெடுத்தது.