கல்மரத்துக்கு ஒரு பாதை

அரங்கநாதனுக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை வியாபாரம், திருவக்கரைப் பக்கம் நிலம், வீட்டில் நடக்க முடியாத ஒரு தங்கை. தங்கை மேல் உயிர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிருஷ்ணவேணிக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் கால்கள் இரண்டும் சூம்பிவிட்டன. முப்பது தாண்டிய பிறகும் நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. கல்மரத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். மரமாக இருந்து, மண்ணில் புதைந்து, பட்டையும் வளையமும் அப்படியே இருக்கக் கல்லாகிப் போனவை அவை. திருவக்கரைச் செம்மண் மேட்டில் சிறிதும் பெரிதுமாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் பெரியது ஓர் ஓடைக்கு அப்பால் கிடந்தது. மூன்று கட்டைவண்டிகளை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். சென்னையிலிருந்து ஒரு துரை வந்து அதற்கு வெள்ளைப் பெயிண்டில் குறி போட்டு, இதில் கை வைப்பவன் ஜெயிலுக்குப் போவான் என்று ஊரில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு டாக்டர் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, அரங்கநாதன் ஒரு சக்கர நாற்காலியை எடுத்தார். கார்த்திகையில் உன்னைக் கூட்டிப்போகிறேன் என்று தங்கையிடம் சொன்னார். ஆனால் வண்டிப்பாதை முடியும் இடத்திலிருந்து மரம் வரைக்கும் வெறும் களிமண். சக்கரம் இறங்கினால் ஏறாது.

அவருடைய நிலத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவன் தேவசகாயம். சேரிக்காரன். நாங்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப்போய் இறக்கிவிடுகிறோம் என்றான். நீ எங்கள் வீட்டுப் பெண்ணைத் தூக்குவாயா என்று கேட்டார் அரங்கநாதன். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, வியப்பாகத்தான் கேட்டார். மண்டியில் மூட்டை தூக்குகிற சொந்தக்காரப் பையன்கள் இருந்தார்கள். கல்யாணமாகாத பெண்ணை அவர்கள் தூக்குவதும் சரிப்படாதாம்.

ஆகவே பாதை போட வேண்டியதாயிற்று. பாதைக்கு ஜல்லி வேண்டும். மயிலத்திலிருந்து கொண்டுவர வண்டி கிடைக்கவில்லை. அரங்கநாதன் மேட்டைச் சுற்றிப் பார்த்தார். சின்னச் சின்னக் கல்மரங்கள் ஏராளமாகக் கிடந்தன. குறி போடாதவைதானே, உடையுங்கள் என்றார். மரம் பார்க்க வருகிறவளுக்காக மரத்தை உடைத்துப் பாதை போட்டார்கள். இந்த அழகை யாரிடம் போய்ச் சொல்வது?

பாதை ஓடைவரை நன்றாகவே வந்தது. வேணி வருவதற்கு முந்தின நாள் பெய்த மழையில் ஓடைக்குள் கொட்டிய ஜல்லி முழுவதும் சேற்றுக்குள் போய்விட்டது. காலையில் வந்து பார்த்த அரங்கநாதனுக்கு முகம் கறுத்தது. சுற்றிலும் உடைக்கச் சின்ன மரம் ஒன்றும் மீதியில்லை. பெரிய மரத்தின் நுனியைக் காட்டினார். தேவசகாயம் வெள்ளைப் பெயிண்டைக் காட்டினான்.

"நான் பாத்துக்கறேன்டா. ஜல்தியா ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு, தங்கையின் வண்டியை எதிர்கொள்ளப் போனார்.

தேவசகாயத்தின் மனைவி லூர்துமேரி ஜல்லிக்கூடையோடு மற்ற ஆட்களுக்கு நடுவில் அங்கேதான் நின்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற சொல்லை நம்பி வேறொருவருடைய திருட்டுக் கேஸைத் தலையில் வாங்கிக்கொண்ட அவள் தம்பி, இன்னும் ஜெயிலில் இருந்தான். புருஷன் சம்மட்டியை எடுத்ததும் அவள் அதன் காம்பைப் பிடித்துக்கொண்டாள். உடைத்தால் ஜெயில். உடைக்காவிட்டால் வேலையும் போகும், அரங்கநாதன் இடத்தில் போட்டிருக்கும் குடிசையும் போகும். இருவரும் ஒரே காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்போது ஜல்லி நொறுங்கும் சத்தம் நெருங்கி வந்தது.

நாற்காலியை அரங்கநாதனே தள்ளிக்கொண்டு வந்தார். பிரெஞ்சு சாமானை ஓட்டுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, மோட்டார் ஓட்டுவது மாதிரி. வேணி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். ஓடைக்கு இந்தப் பக்கம் சக்கரம் நின்றது. எதிரே மரம் கிடந்தது. அவள் அதையே பார்த்தாள். பிறகுதான் சம்மட்டி கண்ணில் பட்டது. என்ன செய்கிறார்கள் என்று அண்ணனைக் கேட்டாள். கொஞ்சம் ஜல்லி குறைகிறது, நுனியில் ஒரு துண்டு எடுத்தால் சரியாகிவிடும் என்றார் அவர். வேணி மெல்லக் குனிந்து சக்கரத்தின் அடியில் பார்த்தாள். உடைந்த கல்லில் வளையங்கள் தெரிந்தன.

"நான் இது மேலயா வந்தேன்?" என்றாள்.

வேணி லூர்துமேரியைப் பார்த்து, நீங்களே என்னைத் தூக்கிப்போய்விடுங்கள் என்றாள். ஊரில் தலைகாட்ட வேண்டாமா என்று அரங்கநாதன் தங்கையை அதட்டினார். தேவசகாயத்தின் பக்கம் திரும்பி, அடிடா என்றார்.

தேவசகாயம் மனைவியின் கையிலிருந்து சம்மட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடையைத் தாண்டினான். மரத்தின் நுனியில் போய்க் காலை அகட்டி நின்றான். சம்மட்டி தோளுக்கு மேலே போனது. பயத்தில்தான் லூர்துமேரிக்கு வாய் வந்தது.

"ஆண்டே, கூடப் பொறந்தவரு நீங்க இருக்கீங்க. நீங்களே தூக்கிக்கினு போனா என்னாங்க?"

சம்மட்டி மேலேயே நின்றது. அரங்கநாதன் அவளை அறைந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் ஓர் அடி எடுத்து வைத்தார். ஆனால் வேணி இரண்டு கைகளையும் அண்ணன் பக்கம் நீட்டிவிட்டாள். அவர் தங்கையின் கைகளைப் பார்த்தார். தன் ஆட்களைப் பார்த்தார். அவர் சுமை தூக்கி யாரும் பார்த்ததில்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அல்லாரும் அந்தாண்ட திரும்பி நில்லுங்க" என்றார்.

திரும்பிக்கொண்டார்கள். தேவசகாயம் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டான். லூர்துமேரிக்கு எதிரே, இத்தனை நாளாக அவள் கூடை கூடையாகக் கொட்டிய பாதை நீண்டு கிடந்தது. முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. சேற்றில் கால் புதைந்து எழும் சத்தமும் மண்டிக்காரர் மூச்சு வாங்குவதும் கேட்டன. அவை கேட்கத் தொடங்கியவுடனே நின்றும் போயின.

பிறகு வேணியின் குரல் கேட்டது.

"இவ்ளோதானா அண்ணா தூரம்?"